ஜெயமணி மிஸ்ஸின் அட்டை கம்ப்யூட்டர்

பெயின்ட் தின்னரைக் கொண்டுவந்தவள் நான் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெயமணி மிஸ்ஸைப் பற்றி யார் பேச்செடுத்தாலும், "சரசம்மா டீச்சர்தானே அன்னைக்குத் தின்னர் குடுத்தாங்க" என்று என் தலையை உருட்டுவது மூக்கண்டப்பள்ளியில் நாலு வருஷமாக வழக்கமாகிவிட்டது. நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். கரியப்பனைக் கூப்பிட்டு, ஆயுத பூசை வருகிறது, கம்ப்யூட்டரைக் கொஞ்சம் துடைத்துக் கொடுப்பா என்றேன். அந்த மனுஷன் அப்படித் துடைப்பான் என்று யார் கண்டது?

நடந்தது தொண்ணூற்றைந்தாம் வருஷம். நான் அப்போதும் இப்போதும் நாராயணப்பன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பள்ளிக்குப் பெரிதாக ஒரு பெயர் உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். நாராயணப்பன் தன் ராகிக் காட்டில் பாதியைத் தொழிற்பேட்டைக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் எட்டு அறை கட்டி, தன்னையே தாளாளராக நியமித்துக்கொண்டவர். பிள்ளைகள் எல்லாம் கம்பெனிக்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். பாதிப்பேரின் அப்பன்மார் இந்தப் பக்கத்துக் காடுகளில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்து இப்போது ஷிப்டுக்குப் போகிறவர்கள். மீதிப்பேர் திருநெல்வேலி, மதுரை என்று தெற்கேயிருந்து வந்தவர்கள். பெங்களூருக்குப் பக்கத்து எல்லை ஊர் என்பதால் பிள்ளைகள் கன்னடத்தில் திட்டிக்கொள்ளும், தெலுங்கில் அழும், என்னிடம் தமிழில் பொய் சொல்லும். அதுகளை வைத்துக்கொண்டு மூன்றாம் வாய்ப்பாடு முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை கட்டிவிடும்.

அந்த வருஷம் மே மாதம் நாராயணப்பன் ஏலத்தில் ஒரு லாட் எடுத்தார். ஏதோ ஒரு கம்பெனி பழைய சாமான்களைத் தள்ளிவிட்டது. நாலு இரும்பு அலமாரி, ஒரு சுவர்க் கடிகாரம், கறுப்புத் திரையில் பச்சை எழுத்து வரும் கம்ப்யூட்டர், கர்ரென்று கத்தும் பிரின்டர், சிவப்பில் 'டோன்ட் டச்' என்று இங்கிலீஷில் எழுதிய ஒரு தகரப் பலகை, எல்லாம் சேர்த்து ஒரே டெம்போவில் வந்து இறங்கின. கம்ப்யூட்டரும் பிரின்டரும் கடைசி அறைக்குப் போயின. தகரப் பலகை அந்த அறைக் கதவில் ஏறியது. வாசல் சுவரில் 'முதல் வகுப்பிலிருந்தே கம்ப்யூட்டர் கல்வி' என்று புதுப் பெயின்டில் எழுதினார்கள். பீஸ் ரசீதிலும் கம்ப்யூட்டருக்கென்று ஒரு வரி சேர்ந்துகொண்டது.

எல்லாம் சரி, சொல்லிக்கொடுக்க ஆள்? நாராயணப்பனுடைய அக்கா மகன் சென்னகிருஷ்ணன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்துக்கொண்டிருந்தான். அவன் முடித்து வர அக்டோபர் ஆகும். அதுவரை ஒப்புக்கு ஒருத்தி வேண்டும் என்று தேடியதில் அகப்பட்டவள்தான் ஜெயமணி.

திருநெல்வேலி ஆலங்குளம் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். இருபத்தாறு வயது இருக்கும். ஒல்லியாக, பெரிய கண்ணாக, எதையோ நினைத்துச் சிரிப்பை அடக்குகிற மாதிரி எப்போதும் ஒரு வாய். அவள் புருஷன் சுடலைமுத்து லேத் ஓட்டுகிறவன். அவனுடைய கம்பெனியை ஏப்ரலில் இழுத்துப் பூட்டியிருந்தார்கள். நேர்முகத்துக்கு வந்தவளிடம் நாராயணப்பன் கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கிறேன் என்றாள். இவர் எழுந்து போய்க் கடைசி அறையில் கீபோர்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். அதே எழுத்துதான் இருக்கிறது, போதும் என்று வேலை கொடுத்துவிட்டார். கூடவே ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். அப்போது நான் வருகைப் பதிவேட்டோடு அங்கேயே நின்றிருந்தேன்.

"விஜயதசமிக்கு ஊரே அட்மிஷனுக்கு வரும். அன்னைக்குப் பசங்க எதுனா பண்ணிக் காட்டினா நீங்களே இருங்க. இல்லன்னா என் அக்கா மகன் வந்துடுவான்."

வெளியே வந்ததும் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, விஜயதசமிக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதுதான். நான் விரல்விட்டு எண்ணிச் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். ஏழு வயதிலிருந்து கல்யாணம் வரைக்கும் பீடி சுற்றிய விரல்கள். அந்தப் பீடிக் கூலியில்தான் டைப்ரைட்டிங் படித்தாளாம். "இந்த வேல போச்சுன்னா ரெண்டு பேரும் ஊருக்குத்தான் போணும்க்கா. போனா திரும்ப முறத்த மடியில வச்சுக்கிட்டு உக்காரணும். நான் மாட்டேன்" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த 'மாட்டேன்' எனக்குப் பிடித்துப்போயிற்று.

இனிமேல்தான் வேடிக்கை. வகுப்பு எடுக்க வந்தவளுக்குக் கம்ப்யூட்டர் அறைச் சாவி கொடுக்கப்படவில்லை. சாவி நாராயணப்பன் இடுப்பில். பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்று அவருக்குப் பயம். வெள்ளிக்கிழமை தோறும் அவளுடைய பிள்ளைகள் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக வந்து, ஜன்னல் வழியே ஐந்து நிமிஷம் அதைத் தரிசனம் செய்துவிட்டுப் போகலாம். அவர் மட்டும் உள்ளே போய் ஸ்விட்சைப் போடுவார். பச்சையாக ஒரு புள்ளி மினுக்கும். பிள்ளைகள் ஓவென்று கத்தும். அணைத்துவிட்டுப் பூட்டுவார். இதற்குப் பெயர் பிராக்டிகல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தச் சாவியைப் பிடுங்கி ராமநாயக்கன் ஏரியில் வீசியிருப்பேன். ஜெயமணிக்கோ கோபமே வரவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் பிள்ளைகளை வைத்து, "ஜன்னல் கம்ப்யூட்டர் பாத்தாச்சு, வாங்க, நம்ம கம்ப்யூட்டருக்குப் போவோம்" என்பாள்.

அவள் கம்ப்யூட்டர் அட்டையில் இருந்தது. மூக்கண்டப்பள்ளியில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் அட்டைப்பெட்டிக்குப் பஞ்சம் வராது. எந்தக் கம்பெனி வாசலுக்குப் போனாலும் மலையாகக் கிடக்கும். சுடலைமுத்துதான் வேலையில்லாமல் வீட்டில் இருந்தானே, அவனை உட்காரவைத்து அறுக்கச் சொல்லி, ஒரு பிள்ளைக்கு ஒரு அட்டை செய்துவிட்டாள். பேனாவால் கட்டங்கள், கட்டத்துக்குள் கரித்துண்டால் எழுத்துகள். இடது கை நாலு விரல் இங்கே, வலது கை நாலு விரல் இங்கே, கண் மிஸ்ஸைப் பார்க்கணும், அட்டையைப் பார்க்கக் கூடாது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் அவள் படித்த பாட்டு அப்படியே இறங்கியது: ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே. என் வகுப்புக்கும் அவள் வகுப்புக்கும் நடுவே ஒரு தட்டிதான் மறைப்பு. நான் இந்தப் பக்கம் ஆத்திசூடி சொன்னால் அந்தப் பக்கத்திலிருந்து செமிகோலன் வந்து விழும்.

பத்து நாளில் கரி எழுத்தெல்லாம் பிள்ளைகளின் வேர்வை விரலில் ஒட்டிக்கொண்டு போயிற்று. கட்டம் மட்டும் மிச்சம். நான் போய், மறுபடி எழுதிக் கொடும்மா, பிள்ளைகள் முழிக்கின்றன என்றேன். அவள் கேட்கவில்லை. இன்ஸ்டிடியூட்டில் மாஸ்டர் மெஷின் மேல் துண்டைப் போட்டு மூடிவிட்டுத்தான் அடிக்கச் சொல்வாராம். பீடி சுற்றும்போது யாராவது இலையைப் பார்த்தா சுற்றுகிறார்கள் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அப்புறம் எழுதவே இல்லை. நாற்பது பிள்ளைகள் நாலு மாதம் வெறுங்கட்டத்தின் மேல் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டிருந்தன.

விளையாட்டு மைதானத்திலும் சும்மா இல்லை. சுண்ணாம்புத் தூளால் அறை அகலத்துக்குக் கட்டம் போட்டு, அவள் ஒரு பெயரைச் சொல்ல, பிள்ளைகள் எழுத்தெழுத்தாகக் குதித்து எழுத வேண்டும். நாராயணப்பன் பார்த்துவிட்டு, பாண்டி ஆடவா சம்பளம் கொடுக்கிறேன் என்று அதன் மேலேயே ஸ்கூட்டரை விட்டுக்கொண்டு போனார். இன்னொரு விளையாட்டும் உண்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு எழுத்தாக வரிசையில் நிற்கும். மிஸ் "அழி" என்றால் கடைசி எழுத்து சட்டென்று உட்கார வேண்டும். இன்னொரு "அழி"க்கு அடுத்தது. கம்ப்யூட்டரில் எழுத்தை அழிக்கிற பட்டனுக்கு அதுதான் வேலை என்று புத்தகத்தில் படித்திருந்தாள். இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்து, எங்கே பார்த்தாலும் இதுதான். நாராயணப்பன் வகுப்புக்குள் வந்து சத்தம் போட்டுவிட்டு வாசலைத் தாண்டுவார். நாற்பது வாயும் மெதுவாக "அழி" என்னும். அவர் திரும்பி வந்து என்ன அது என்று கேட்டார். ஜெயமணி முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு, பாடம் சார் என்றாள். நான் தட்டிக்கு இந்தப் பக்கம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

இந்தப் பிள்ளைகளில் வெகு கெட்டிக்காரி முனிலட்சுமி. இரண்டாம் வகுப்பு. எண்ணெய் வழியும் இரட்டைச் சடை, முன்பல் இரண்டும் கிடையாது. அவள் அப்பன்தான் நான் சொன்ன கரியப்பன், ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். அம்மா வெங்கடம்மா ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். தூங்கும்போதுகூடப் பிள்ளைக்கு விரல் ஆடுகிறதாம், காத்துக் கருப்பு ஏதாவது பட்டிருக்குமோ என்று கயிறு மந்திரித்துக் கட்டியிருந்தாள். அது காத்துக் கருப்பு இல்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லி அனுப்பினேன். அவள் இன்னும் பயந்துபோனாள்.

இப்படியே அக்டோபர் வந்தது. சென்னகிருஷ்ணனும் வந்தான். தொளதொள பேன்ட், சட்டைப் பையில் மூன்று பேனா, பேச்சுக்குப் பேச்சு 'பேங்களூர்ல'. வந்தவன் முதல் காரியமாக ஜெயமணியின் அட்டைகளை எடுத்துப் பார்த்தான். விசிறியா என்று கேட்டான். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஜெயமணி, "ஆமா சார், காத்து நல்லா வரும்" என்றாள்.

ஆயுத பூசைக்கு முந்தின நாள் நாராயணப்பன் என்னைக் கூப்பிட்டு, பூசை வேலை உங்க பொறுப்பு டீச்சர், மிஷின் பளபளன்னு இருக்கணும் என்று கம்ப்யூட்டர் அறைச் சாவியைக் கையில் கொடுத்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கியது. மிஷின் துடைக்கிற வேலையில் ஊரிலேயே கரியப்பனுக்கு மிஞ்சி ஆள் கிடையாது என்று பேர். சொல்லியனுப்பினேன், முதல் ஷிப்டு முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தான். அவனை உள்ளே விட்டுவிட்டு நான் தோரணம் கட்டப் போனேன். அதுதான் நான் செய்த தப்பு. அது ஒன்றுதான்.

கம்பெனிகளில் ஆயுத பூசைக்கு முந்தின நாள் என்ன வழக்கம் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவனவன் மிஷினை அவனவன் மண்ணெண்ணெயும் வேஸ்ட் துணியும் போட்டுத் தேய்க்க வேண்டும். விடாத அழுக்குக்குத் தின்னர். முடிந்ததும் சூப்பர்வைசர் வருவார், ஒரு வெள்ளைத் துணியால் மிஷினைத் தடவிப் பார்ப்பார். துணியில் கறுப்பு ஒட்டினால் மறுபடி தேய்க்க வேண்டும். ஒட்டாதவனுக்குத்தான் பொரிப் பொட்டலமும் ஸ்வீட்டும். பதினாறு வருஷமாகக் கரியப்பன் மிஷினில் துணி கறுத்ததே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அவன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். திரை கண்ணாடியாக மின்னியது. பெட்டி புதுசாக இருந்தது. கீபோர்டு பல் விளக்கின குழந்தை மாதிரி வெள்ளை வெளேரென்று சிரித்தது. ஒரு எழுத்து இல்லை. ஏ இல்லை, பி இல்லை, ஒன்று இரண்டு இல்லை, எதுவுமே இல்லை.

"எழுத்தெல்லாம் எங்கப்பா?"

"தொடச்சிட்டேன் டீச்சர். துணியில கறுப்பு வந்துக்கினே இருந்திச்சி, உடாம தேச்சேன். இப்பப் பாருங்க" என்று வெள்ளைத் துணியால் தடவிக் காட்டினான். துணி சுத்தமாக இருந்தது. "ஊட்ல முனி எழுத்தே இல்லாத அட்டையிலதான தட்டுது? இதுக்கும் எழுத்து வேணாம்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன். என்னவென்று திட்டுவது? ஸ்பேஸ் பட்டன் கிரீச்சிட்டது, அதற்கு ஒரு சொட்டு மெஷின் ஆயில் விட்டிருக்கிறேன் என்று வேறு சொன்னான். கும்பிடு போட்டு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு, மூன்றாம் வகுப்பு அலமாரியிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்துக்கொண்டு ஓடினேன். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்று எனக்குத் தெரியாதே! ஜெயமணியைக் கூப்பிட்டேன். அவள் வந்தாள், கீபோர்டைப் பார்த்தாள், முகம் வெளிறிப்போயிற்று. என் கையைப் பிடித்தாள். விஜயதசமிக்கு ஒரே ஒரு நாள்தான் நடுவில். பிறகு மெதுவாகப் பத்து விரலையும் அதன் மேல் வைத்துப் பார்த்தாள். அப்புறம் அந்த வாய், சிரிப்பை அடக்குகிற அந்த வாய், ஒரு பக்கமாகக் கோணியது. என் கையிலிருந்த பேனாவை வாங்கி மூடியைப் போட்டாள்.

"எழுதாதிய அக்கா. இப்பந்தான் இது நம்ம அட்ட மாதிரி இருக்கு."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எழுதினால் என் வயதுக்கு மரியாதை இருக்காது.

மறுநாள் பூசை. திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். கீபோர்டின் மேல் மஞ்சள் துண்டை விரித்து, அதன் மேல் தேங்காய், பொரி, கடலை, ஒரு எலுமிச்சம்பழம். நாராயணப்பன் கற்பூரம் காட்டினார். சென்னகிருஷ்ணன் ஸ்விட்சைப் போடப் போனான். பூசைக்கு வைத்ததை இன்றைக்குத் தொடக் கூடாது தம்பி, பேங்களூரில் தெரியாதா என்றேன். கையை இழுத்துக்கொண்டான்.

விஜயதசமி காலையில் கடைசி அறைக்குள்ளும் வெளியிலுமாக எண்பது பேர் இருந்தார்கள். முதல் ஷிப்டு லீவு போட்டவர்கள், மூன்றாம் ஷிப்டு முடித்துத் தூக்கக் கண்ணோடு வந்தவர்கள், புதிதாகச் சேர்க்க வந்த குழந்தைகளை இடுப்பில் வைத்த அம்மாக்கள். ஜன்னல் கம்பியெல்லாம் முகம். சுடலைமுத்து வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான். உள்ளே வரத் தைரியம் இல்லை. நாராயணப்பன் ஒரு சின்னப் பிரசங்கம் செய்துவிட்டு, இனிமேல் எங்கள் பள்ளியில் பேங்களூர் கல்வி என்று அக்கா மகனைக் கைகாட்டினார். ஜெயமணியை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சென்னகிருஷ்ணன் உட்கார்ந்தான், ஸ்விட்சைப் போட்டான், மஞ்சள் துண்டை எடுத்தான். எடுத்தவன் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தான். அவன் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே, எழுத்தைத் தேடித்தேடிக் குத்துகிற ஜாதி. விரல் காற்றில் சுற்றியது. ஏதோ மூன்று எழுத்தைக் குத்தினான், பெரிய பட்டனைத் தட்டினான். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது: 'பேட் கமாண்ட் ஆர் ஃபைல் நேம்'. இன்னொரு தடவை குத்தினான். அதே வரி. தெரியாத எதை அடித்தாலும் இந்த மெஷின் இப்படித்தான் சொல்லுமாம், தப்பான கட்டளை என்று. நாலாவது தடவையும் அதையே சொன்னதும், நாராயணப்பன் குனிந்து என்னடா என்றார். கீபோர்டு ரிப்பேர் மாமா, ஒரு எழுத்துகூட இல்லை, இதில் யாராலும் முடியாது என்றான். நன்றாகக் காதில் விழுகிற மாதிரியே சொன்னான், புண்ணியவான்.

"நம்ம பிள்ளைங்க இதுல டைப் அடிக்கும் சார்" என்றாள் ஜெயமணி.

நாராயணப்பனுக்கு வேறு வழியில்லை. எண்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். முனிலட்சுமி முன்னால் வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்தால் கீபோர்டு எட்டவில்லை, என் வருகைப் பதிவேடு இரண்டைப் போட்டு உட்காரவைத்தேன். கால் இரண்டும் தொங்கின. விரல்களை வைத்தாள், கண்ணை மிஸ் மேல் வைத்தாள். உன் பேர் என்றாள் ஜெயமணி. பிள்ளை அட்டையில் தட்டுகிற பழக்கத்தில் ஓங்கி ஒரு அழுத்து அழுத்திப் பிடித்தது. திரையில் ஒரே எழுத்து வரிசையாக ஓடியது, எம் எம் எம் எம் என்று முடிவே இல்லாமல். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சென்னகிருஷ்ணன் நிமிர்ந்து நின்றான். நாலு மாதம் தட்டியதில் இதை மட்டும் ஜெயமணி சொல்லிக்கொடுக்கவில்லை. அவளுக்கே தெரியாதே, அவளையும்தான் தொடவிடவில்லையே. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அவள் குனிந்து பிள்ளையின் காதில் சொன்னாள். "முனி, இது சூடான தோசக்கல்லு. தொடு, ஒடனே எடுத்துரு." பிறகு நிமிர்ந்து, "அழி" என்றாள்.

ஜன்னலில் தொங்கிய நாற்பது பிள்ளைகளும் சேர்ந்துகொண்டன. அழி, அழி, அழி. ஒவ்வொரு அழிக்கும் ஒரு எம் காணாமல் போயிற்று. திரை சுத்தமானது. அப்புறம் முனிலட்சுமி அடித்தாள் பாருங்கள். கீபோர்டைப் பார்க்கவில்லை, திரையைப் பார்க்கவில்லை, ஓட்டைப் பல்லைக் காட்டி மிஸ்ஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பதினொரு எழுத்தையும் அடித்தாள். முனிலட்சுமி. ஒரு எழுத்து பிசகவில்லை. கரியப்பன் கை தட்டியதில் அடுத்தவன் இடுப்பிலிருந்த குழந்தை அலறியது. வெங்கடம்மா ஓடிவந்து பிள்ளையின் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கயிறுதான் வேலை செய்தது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அதோடு விட்டிருக்கலாம். நாராயணப்பன் விடவில்லை. கைதட்டலைக் கேட்டதும் அது தனக்குத்தான் என்று முடிவு செய்து முன்னால் வந்தார்.

"பேரு கிடக்கட்டும் பாப்பா. இங்க கத்துக்கிட்ட இங்கிலீஷ் எதுனா அடி, எல்லாரும் பாக்கட்டும்."

முனிலட்சுமி யோசித்தாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். அப்புறம் டக்டக்கென்று அடித்துவிட்டு, பெரிய பட்டனைத் தட்டினாள். வந்தது என்ன தெரியுமா? 'டோன்ட் டச்'. நாலு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் கதவில் பார்த்த இங்கிலீஷ். அந்த அறை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அது ஒன்றுதானே! அதற்குக் கீழேயே மெஷின் தன் வழக்கமான வரியைப் போட்டது, தப்பான கட்டளை என்று.

யாருக்கும் உடனே புரியவில்லை. கரியப்பன்தான் கிட்டே போய்ப் பார்த்தான். அவனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது; ஆனால் இந்த இரண்டு சொல்லின் உருவம் தெரியும், அவன் கம்பெனியில் கரண்ட் பெட்டி தோறும் தொங்குகிறது. திரையைப் பார்த்தான், திரும்பிக் கதவில் இருந்த தகரப் பலகையைப் பார்த்தான், மகளைப் பார்த்தான். இதற்கு முன்னால் இந்த மிஷினைத் தொட்டிருக்கிறாயா என்று கேட்டான். அவள் இல்லை என்று தலையாட்டினாள். யாராச்சும் தொட்டிருக்கீங்களா என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டான். நாற்பது தலையும் இல்லை என்று ஆடின.

நான் ஜெயமணியைப் பார்த்தேன். பீஸ் வாங்கிக்கொண்டு பிள்ளைகளை ஏமாற்றினாயே என்று அவள் மேலேயே பாய்ந்துவிடுவார்களோ என்று பயந்தேன். கரியப்பன் அவளுக்கு முன்னால் போய் நின்றான்.

"தொடாமயே இத்தன கத்துக் குடுத்தியாம்மா?" என்றான். பிறகு நாராயணப்பன் பக்கம் திரும்பினான். "இந்த மிஸ் இருந்தா என் பொண்ணு இங்க இருக்கும். இல்லன்னா இப்பவே டீசி குடுத்துடுங்க."

அவன் பின்னால் இன்னொருவர், அவர் பின்னால் இன்னொருவர். கன்னடத்தில் ஒரு குரல், தெலுங்கில் ஒரு குரல், திருநெல்வேலித் தமிழில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல், அது சுடலைமுத்து. நாராயணப்பன் சாமர்த்தியசாலி. நானும் அதைத்தானே சொல்ல வந்தேன் என்று சொல்லிவிட்டார். கதவிலிருந்த பலகையைக் கரியப்பன் தன் பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரால் அங்கேயே கழற்றினான்.

கூட்டம் கலைந்ததும் வேலை உத்தரவு அப்புறம் அடிக்கலாம் என்றார் நாராயணப்பன். கையால் எழுதித் தருகிறேன் என்று மழுப்பிப் பார்த்தார். கரியப்பனும் இன்னும் நாலு பேரும் கிளம்பாமல் நின்றார்கள். அக்கா மகனை அடிக்கச் சொன்னார். அவன் உட்கார்ந்து, லெட்டர் அடிக்கிற புரோகிராமைத் திறக்க வேண்டும் என்று கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில், "டபிள்யூ எங்கங்க இருக்கு மேடம்?" என்று கேட்டான். அவளை மேடம் என்று அவன் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஜெயமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். இவன் பக்கத்தில் நின்று திறக்கிற வழியைச் சொன்னான், நாராயணப்பன் வாசகத்தைச் சொன்னார், அவள் அடித்தாள். தன் வேலை உத்தரவைத் தானே. அவள் விரல்கள் போன வேகத்தை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"இன்னைக்குத் தேதி போட்டுக்கம்மா" என்றார் அவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே. கண்ணாடி அகப்படவில்லை. பிரின்டர் கர்ரென்று கத்தியது. அவள் கையெழுத்து இடத்தில் விரல் வைத்துக் காட்டினாள், அவர் போட்டார், முத்திரையும் குத்தினார்.

வெளியே வந்து நான் அந்தக் காகிதத்தை வாங்கிப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. தேதி மட்டும் ஜூன் ஐந்து. அவள் முதன்முதலாக வேலைக்கு வந்த நாள். அன்றிலிருந்தே நிரந்தரம்.

அடியே, தேதியைத் தப்பா அடிச்சிட்டியே என்றேன்.

அவள் காகிதத்தை வாங்கி நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"தப்பா அடிச்சா அழிக்கதுக்குத்தான் பட்டன் இருக்குல்லா அக்கா" என்றாள். "நான் அழிக்கலியே."